எப்சி அழிக்க மறுத்த நான்கு வரிகள்

2019 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் எப்சியை முதன்முதலாகச் சந்தித்தேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத விரும்புவோருக்கான பயிற்சி முகாம் அது. உரைநடை பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். திருநெல்வேலி டவுணில் இயங்கும் மேலக்கரை மோட்டார் சர்வீஸ் என்னும் தனியார் பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவு முழுவதும் எப்சி ஒருவர்தான். தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றித் தாமே எழுதலாமா என்று கேட்டார். கட்டுரையில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்றேன். முதலில், கட்டுரையோடு இணைந்து யாரும் படிக்கக்கூடியதாக இருக்கும் உரையாடல் பக்கத்தில், தாம் அங்கே ஊதியம் பெறுபவர் என்பதை அறிவிக்க வேண்டும். பிறகு ஆதாரத்துடன் திருத்தம் கேட்கலாம். தொடர்பற்ற ஒருவர் சரிபார்த்துச் செய்வார்.

“அப்போ பொண்ண வீட்டாளுகளே அழகுன்னு சொல்லக் கூடாது, பாக்க வந்தவங்க சொல்லணும். அப்படித்தான சார்?” என்றார். என் விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் முகம் தெரியாத யாரோ ஒரு பத்தியைச் சேர்த்தார். பாபநாசம் சாலையில் முன்பொரு மழைக்காலத்தில் நிறுவனத்தின் பேருந்து வாய்க்காலில் கவிழ்ந்ததையும், களையெடுக்கச் சென்ற பெண்கள் சிலர் இறந்ததையும், பிரேக் பழுதென்று ஓட்டுநர் முன்பே முறையிட்டதை நீதிமன்றம் ஏற்றதையும் நான்கு வரிகளில் அது சொன்னது. நாளிதழ்ச் செய்தியும் தீர்ப்பும் ஆதாரங்களாக இருந்தன.

மேலாளர் சிவசங்கரன் அதை அழிக்கும்படி எப்சியிடம் சொன்னார். அவருக்கு அது பெரிய செயலாகத் தோன்றவில்லை. விபத்தில் சிக்கிய பேருந்தைச் சீரமைத்து, வேறு வண்ணம் பூசி, வேறு பெயரிட்டு, வேறு தடத்தில் விடுவது அங்கே வழக்கம். வாய்க்காலில் கவிழ்ந்த ‘பூங்குயில்’ அப்படித்தான் ‘தேன்மலர்’ ஆகித் திருச்செந்தூருக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்றது.

எப்சி இரண்டு ஆதாரங்களையும் தேடிப் படித்தார். பிறகு உரையாடல் பக்கத்தில் சொந்தப் பெயரிலேயே எழுதினார்: “நான் இந்நிறுவனத்தில் ஊதியம் பெறுபவள். விபத்து பற்றிய பத்தியை நீக்குமாறு எனக்குச் சொல்லப்பட்டது. ஆதாரங்களைச் சரிபார்த்தேன், பத்தி சரியாக உள்ளது. நீக்க மாட்டேன், நீக்குமாறு கேட்கவும் மாட்டேன்.”

வீட்டில் தாயார் சாரம்மாளும் அவரும் அந்த ஒரு சம்பளத்தில்தான் வாழ்ந்தார்கள். அதை எழுதும்போது வேலை போய்விடும் என்றே நினைத்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் சிவசங்கரன் அழைத்தார்.

“நாலு வரிய அழிக்கச் சொன்னா ஊரு பூரா டமாரம் அடிச்சிட்டு வந்திருக்க. யாருகிட்ட சம்பளம் வாங்குத நீ?”

“உங்ககிட்டதான் அண்ணாச்சி. அத மொத வரியிலயே எழுதியிருக்கேன்.”

“பஸ்ஸுக்கே பேர மாத்தி ஓட்டுதோம். இதுக்குப் போயி...”

“இதுல பெயிண்ட் அடிச்சா, பழைய பெயிண்டும் தெரியும், அடிச்ச ஆளும் தெரியும். அழிக்காதிய அண்ணாச்சி.”

வேலை போகவில்லை, நாற்காலி போனது. புதிய பேருந்து நிலையத்தில் நிறுவனத்தின் நேரக் காப்பாளராக எப்சியை அனுப்பினார்கள். வெயிலில் நின்று விசில் ஊதி, வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பும் வேலை. ஒரு வாரத்தில் ராஜினாமா செய்துவிடுவார் என்பது அலுவலகத்தின் கணிப்பு. முதல் நாள் ஒரு நடத்துநர், “டீச்சரம்மா, ஆளு வருது, ஒரு நிமிசம் நின்னுக்கிடுதேன்” என்று கெஞ்சலும் கேலியுமாகச் சொன்னான். “வண்டிய எடுலே” என்றார் எப்சி. வண்டி கிளம்பியது.

சிவசங்கரன் எப்சியின் எச்சரிக்கையை நம்பவில்லை. கலைக்களஞ்சியத்தில் நிறுவனத்தின் பெயரில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் எப்சியிடமே கேட்டு வாங்கி, பத்தியைத் தாமே அழித்தார். வேறொருவர் அதை மீட்டார். இவர் மீண்டும் அழித்தார். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் எல்லாம் நிறுவனத்தின் பெயரிலேயே நாள், நேரத்துடன் பதிவாயின, கணக்கு முடக்கப்பட்டது. விபத்தை நிறுவனமே மறைக்க முயன்றதாக நாளிதழில் செய்தி வந்தது. அதுவரை கட்டுரையைப் படிக்காதவர்களும் படித்தார்கள்.

காரியத்தை ஓசையின்றி முடிக்கத் தெரியாமல் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தவர் யார் என்று முதலாளி விசாரித்தார். எப்சியையும் கூப்பிட்டார். அழித்தவர் பெயரைச் சொன்னால் அன்றே பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்றார். சிவசங்கரன் அருகில்தான் நின்றார்.

“அழிக்க மாட்டேன்னு எழுதுனது நான். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் தாங்க. அழிச்ச ஆளக் காட்டிக் குடுக்கது என் வேல இல்ல” என்று சொல்லிவிட்டு எப்சி வெளியேறினார்.

படிக்கட்டில் சிவசங்கரன் ஓடி வந்து, இந்த உதவியைச் சாகும்வரை மறக்கப் போவதில்லை என்றார். எப்போது எதைக் கேட்டாலும் செய்வதாகவும், அலுவலகத்துக்கு மாற்றம் கேட்டு ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னார். எப்சி எழுதித் தரவில்லை. ஏன் என்று நானும் கேட்டேன். “கேட்டா அது பேரமாயிரும் சார். அந்த நாலு வரிக்கு வெல வச்ச மாதிரி ஆயிரும்” என்றார்.

பத்தி இன்றும் கட்டுரையில் இருக்கிறது. எப்சி இன்றும் பேருந்து நிலையத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற நாளில் சிவசங்கரன், கழுத்தில் போட்ட மாலையோடு நேராக அங்கே போனாராம். “இன்னைக்கு விட்டா என் கையில ஒண்ணும் கெடையாது. ஏதாவது கேளு தாயி” என்றிருக்கிறார்.

“கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க அண்ணாச்சி. பாபநாசம் வண்டி ரிவர்ஸ் எடுக்கு” என்று சொல்லிவிட்டு எப்சி விசிலை ஊதினார்.