டீ தம்ளரைப் பார்த்து நடந்த பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கக் கைபலம் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். நெஞ்சுபலமும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இதை எழுத உட்காரும்போதே படபடப்பாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, ஒரு நல்ல மனுஷியைக் கெட்டவளாகக் காட்டிவிடுவேனோ என்று பயம். ஆனாலும் அதிகாரிகளின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் நான் சொல்ல வருவது எப்படியும் புரிந்துவிடும்.

எங்கள் பள்ளிக்கூடம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். தலைமையாசிரியை ஜெசி டீச்சர் நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னை அவர்தான் பெற்றோர் சங்கத்தில் பேசி, தற்காலிகமாகச் சேர்த்துவிட்டார். அவர் போய்விட்டால் அடுத்து வருகிறவர் என்னை வைத்துக்கொள்வாரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்குத் தலை வலித்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

தம்ளர் ஜோசியம்

டீச்சருக்கு டீ கொண்டு போவது என் வேலை. மனசு சரியில்லை என்றால் அவர் டீயைத் தொடமாட்டார். ஆடை படிந்த தம்ளரை அப்படியே திரும்ப எடுத்து வருவேன். இதை ஆசிரியர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வராண்டாவில் தம்ளரோடு வந்தால் வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைக்கும். தம்ளர் நிறைந்திருந்தால் அன்றைக்கு லீவு கேட்கிறவர் லீவு கேட்கமாட்டார், சாக்பீஸ் கேட்கிறவர் பழைய துண்டுகளைப் பொறுக்கி எழுதுவார்.

உதவித் தலைமையாசிரியர் ராயப்பன் சார் கணக்கில் புலி. அவரும் இதற்கு விலக்கில்லை. ஒருநாள் கையில் கேள்வித்தாள் கட்டோடு என்னை வழிமறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, தம்ளரைக் கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுங்க. காலியா இருந்தாத்தான் நான் உள்ள போவேன்."

ஹேண்ட்பேக்குக்குள் பள்ளிக்கூடம்

டீச்சர் கெட்டவர் இல்லை. யாரையும் நம்பாதவரும் இல்லை. ஏதாவது தப்பு நடந்தால் பழி தன்னோடு நிற்கட்டும், மற்றவர்கள் தலையில் விழ வேண்டாம் என்று நினைப்பவர். அதனால் ஆய்வகம், ஸ்டோர் ரூம், தண்ணி மோட்டார், கழிப்பறை என்று எல்லாச் சாவியும் அவர் ஹேண்ட்பேக்கில்தான். அவர் நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

ஒருநாள் தூத்துக்குடியில் மீட்டிங். காலையில் பஸ் தாமதமானதால் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நேராக அங்கே போய்விட்டார். ஹேண்ட்பேக்கும் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை, கழிப்பறை திறக்கவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றேன். ராயப்பன் சார், "எச்.எம். கேட்டா யாரு பதில் சொல்லுறது?" என்று கையைப் பிசைந்தார். பிள்ளைகள் வரிசையாகப் பக்கத்து வீடுகளுக்கு ஓடினார்கள். எதிர்வீட்டு ரோஸ்லின் முற்றத்தில் கருவாடு காயப்போட்டிருந்தாள். அவள் மகளும் எங்களிடம்தான் படிக்கிறாள். தன் வீட்டு வாசலில் பாதிப் பள்ளிக்கூடம் நிற்பதைப் பார்த்துவிட்டு கேட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏளா பாக்கியம், உங்க பெரிய டீச்சர் ஊருக்குப் போனாவன்னா பிள்ளைக ஒண்ணுக்குப் போறதையும் நாளைக்கு வச்சிக்கிடணுமா?"

பெஞ்சில் படுத்திருந்த உத்தரவு

மழைக்காலத்தில் எங்கள் தெரு நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டம் கொட்டியதும் வாசலில் முழங்காலளவு தண்ணீர். பிள்ளைகளை அனுப்பலாமா, வைத்துக்கொள்ளலாமா? டீச்சர் ஃபோனில் மேலிடத்துக்கு முயற்சி செய்துகொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை. நடுவில் ஸ்டோரில் அரிசி நனைகிறது என்றார்கள், அங்கே ஓடினார். ஆய்வகத்தில் ஒழுகுகிறது என்றார்கள், அங்கேயும் அவரே ஓடினார். கூடவே நின்ற ஆசிரியர்கள் குடை பிடித்தார்களே ஒழிய, ஒருவரும் "நான் பாத்துக்கிடுதேன், நீங்க உக்காருங்க" என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

வராண்டாவில் வரும்போது டீச்சர் தூணைப் பிடித்தார். பிடி நழுவியது. தாங்கிப் பிடித்து பெஞ்சில் படுக்க வைத்தோம். முகமெல்லாம் வேர்வை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவாவது மணியடிப்போம் என்று தண்டவாளத் துண்டு தொங்கும் பக்கம் போனேன். கண்ணைத் திறக்காமலே டீச்சர் சொன்னார்: "பாக்கியம், மணி அடிச்சிராத. நான் இன்னும் சொல்லல."

இடம் மாறிய பிரஷர்

தகப்பன்மார்கள் தண்ணீரில் இறங்கி வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போனார்கள். டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தக்கொதிப்பு. வேலையைப் பங்கு போடுங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேலையை விட்டுவிடச் சொல்லி மகளும் பிடிவாதம் பிடித்தாளாம். இந்த வருஷம் மட்டும் பார்க்கிறேன் என்று வந்தார். அந்த 'மட்டும்' என் காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வந்ததும் ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சாவிகளைப் பிரித்துக் கொடுத்தார். மழை பெய்தால் பிள்ளைகளை அனுப்பும் முடிவு ராயப்பன் சாருடையது. எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் ஆய்வக டீச்சர் என்னிடம், "அக்கா, தொலைஞ்சிட்டா வம்பு, நீங்க வச்சிக்கோங்க" என்றார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவரும் வந்தார். தற்காலிகமாக இருக்கிறவள் முடியாது என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாளில் எல்லாச் சாவியும் என் இடுப்பில். உட்கார்ந்தால் குத்தியது, நடந்தால் ஒலித்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மோட்டாரை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன்.

ஒருநாள் டீ வைத்துவிட்டுத் திரும்பும்போது டீச்சர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்குமேலும் பொறுப்பானவர் பெயரை எழுத வைத்தார். ஆனால் அன்றைக்கு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பாக்கியம், என் பிரஷர் இப்ப உன் இடுப்புல தொங்குது."

இரண்டாவது தம்ளர்

அடுத்த மழை வந்தது. ராயப்பன் சார் வாசலுக்கும் டீச்சர் அறைக்கும் நடந்தார். டீச்சர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க முடிவு சார்" என்று மட்டும் சொன்னார். எழுந்து ஓடாமல் இருக்கத்தான் மேசையைப் பிடித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சார் சொல்ல, மணி அடித்தேன். தண்ணீர் ஏறுவதற்குள் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் ரோஸ்லின் வந்து நின்றாள். அவள் துறைமுகத்துப் பக்கம் மீன் எடுக்கப் போயிருந்த நேரத்தில், மகள் பூட்டிய வீட்டு வாசலில் நனைந்து நின்றிருக்கிறாள். "யாரு அனுப்பச் சொன்னது?" என்று கத்தினாள். ராயப்பன் சார் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் எழுந்து, "சார் அனுப்பினா நான் அனுப்பின மாதிரிதாம்மா. வீட்ல ஆள் இருக்கான்னு பாக்காதது எங்க தப்பு. இனிமே பாத்து அனுப்புவோம்" என்றார். முடிவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ரோஸ்லின் முனகிக்கொண்டே போனாள்.

அன்றைக்கு டீச்சரின் தம்ளர் காலி. அடுத்த வருஷத்துக்கும் இருந்து பார்க்கிறேன் என்று மகளிடம் ஃபோனில் சொல்வது என் காதில் விழுந்தது. பக்கத்து மேசையில் இன்னொரு தம்ளர் ஆடை படிந்து நிறைய இருந்தது. அதை எடுக்கப் போனபோது ராயப்பன் சார் என் கையைப் பார்த்துக் கெஞ்சினார்: "அக்கா, இன்னைக்கு என் தம்ளரை யாருக்கும் காட்டாதீங்க."

மறுநாளிலிருந்து ஜன்னல் தலைகள் இரண்டு தம்ளரையும் பார்க்க ஆரம்பித்தன. இப்படியே போனால் எல்லார் தம்ளரையும் நான் சுமந்து ஜோசியம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்து, கடைத்தெருவுக்குப் போய் எல்லாருக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தம்ளர் வாங்கி வந்துவிட்டேன், இனி யார் மனசு எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவரவரே கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.