காலால் பிறந்தவளின் வைத்தியம்

நான் காலால் பிறந்தவள். மற்றக் குழந்தைகள் தலையை நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வரும்போது நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். அதனால் அம்மா தான் பட்ட பாட்டை என் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறுவாள். ஆனால் எங்கள் பிளாக்கில் எனக்கிருந்த மரியாதைக்கும் அதுதான் காரணம். இடுப்பு பிடித்துக்கொண்டால் காலால் பிறந்தவர்கள் மிதித்துவிட வேண்டும், உடனே விட்டுவிடும் என்பது எந்த மாவட்டத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர்களும் கூடவே கொண்டுவந்திருந்த நம்பிக்கை. குழம்புக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், காரணமே இல்லாமல் பிடித்துக்கொண்டவர்கள் என்று யாராவது ஒருவர் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நிற்பார். நான் உடனே மிதித்துவிட மாட்டேன். முதலில் குழாயடிக்குப் போய்க் கால் கழுவுவேன். பிறகு குப்புறப் படுத்திருப்பவரின் உள்ளங்காலில் என் கட்டைவிரலால் ஒரு கிச்சுகிச்சு மூட்டுவேன். எத்தனை பெரிய ஆபீசராக இருந்தாலும் துள்ளுவார். அந்தத் துள்ளலிலேயே பாதிப் பிடிப்பு விட்டுவிடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கப்புறம்தான் இடுப்பில் கால் வைப்பேன். கூலியாக முந்திரிப்பழமோ தேன்மிட்டாயோ வரும். எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம்.

என் புகழைப் பரப்பியவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா. பலாவுக்குப் பேர்போன காடாம்புலியூர்க்காரர், அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை. அம்மாவை அக்கா என்றும் அப்பாவை மாமா என்றும் கூப்பிடுவார். பலாமரத்தைப் பார்த்தே எந்தக் காய் எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவார். எங்கள் கொல்லைப் பலாமரத்தின் உச்சிக் கிளையில் ஒரு காய் முற்றிவிட்டது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னவரும் அவர்தான். அப்பா தென்காசிப் பக்கம். மரமேறுவதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது என்று காட்டிவிட ஆசைப்பட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். காயை அறுத்துக் கயிற்றில் இறக்குகிறவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இறங்கும்போது கால் வைத்த கிளை முறிந்தது. அப்பா நேராக வந்து தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அப்படியே குப்புறச் சாய்ந்தார்.

அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இடுப்புல பிடிச்சிக்கிட்டு” என்றார் அப்பா. முகம் வெளுத்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மாமா சிரித்தார்.

“இன்னாக்கா நீங்க, டாக்டர வூட்லயே வச்சிக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்றீங்க? பாப்பாவக் கூப்புடுங்க. ரெண்டு மிதி மிதிச்சா மாமா எழுந்து நிப்பாரு.”

என் பெருமையை என்னவென்று சொல்வது! அப்பாவே எனக்கு நோயாளி. பிளாக் முழுக்க வேடிக்கை பார்க்கிறது. நான் அவசரப்படாமல் குழாயடிக்குப் போய், எல்லோருக்கும் தெரியும்படி காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வழி விட்டார்கள். வந்து அப்பாவின் உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்தேன்.

அப்பாவைப் போலக் கூச்சக்காரர் கிடையாது. தூரத்திலிருந்து விரலை ஆட்டினாலே காலை இழுத்துக்கொள்வார். இப்போது அசையவில்லை. நகத்தால் கீறினேன். அதற்கும் ஒன்றுமில்லை. கால்விரலில் இருந்த முடியைப் பிடித்து இழுத்தேன். மறு காலிலும் இழுத்தேன். வேண்டுமென்றே சிரிப்பை அடக்கிக்கொண்டு, இத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்குகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது.

“அப்பா ஏமாத்துறாங்கம்மா! கிச்சுகிச்சு மூட்டினா அசையவே மாட்டேங்கறாங்க!”

தரையில் கன்னம் பதித்திருந்த அப்பா திரும்பாமலே கேட்டார். “ஏன் நிக்கே? இன்னும் ஆரம்பிக்கலையா?”

எல்லோர் பார்வையும் அப்பாவின் காலுக்குப் போனது. நான் எதுவும் புரியாமல், சரி, வேலையைப் பார்ப்போம் என்று இடுப்புக்கு நேராகக் காலைத் தூக்கினேன். அம்மா பாய்ந்து வந்து என்னை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டாள்.

“யாரும் அவங்களத் தொடக் கூடாது!”

அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் மைன்ஸில் முதலுதவி வகுப்புக்குப் போனவர். அதில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தார். மைன்ஸில் யாராவது விழுந்திருந்தால் ஒருவரையும் கிட்டே விட்டிருக்க மாட்டார். விழுந்தது வீட்டுக் கொல்லையில் என்பதால் அந்த வகுப்பு அவருக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது மண்ணில் மண்டியிட்டு, அப்பாவின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். “மாமா, திரும்பாதீங்க. தண்ணி கேக்காதீங்க. ஆம்புலன்ஸ் வருது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உட்கார வைத்துப் பார்க்கலாம் என்ற ஒருவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் பலகையோடு வந்து, தலை முதல் கால் வரை ஒன்றாக, மரக்கட்டையை உருட்டுவதுபோல் அப்பாவை உருட்டி அதில் கிடத்திக் கட்டிக்கொண்டு போனார்கள்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குள் அம்மாவின் போனில் தென்காசி முழுக்க வந்துவிட்டது. ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும், முதுகில் கத்தி வைத்தால் எழுந்திருக்கவே முடியாது, நல்ல எண்ணெய் இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம். அம்மா எல்லோருக்கும் உம் கொட்டிவிட்டு, டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். “ஒரு வாரம் பாத்துட்டு அப்புறம் பெரிய டாக்டர்ட்ட போனா ஆகாதுங்களா?”

“வெறும் வலின்னா நானே மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேம்மா” என்றார் அவர். “இவருக்கு ரெண்டு காலும் மரத்துப்போயிருக்கு. விரலத் தூக்க முடியல. வயிறு முட்ட யூரின் நிக்குது, போகணும்ங்கற உணர்ச்சியே இல்ல. எலும்பு நரம்ப அழுத்துதுன்னு அர்த்தம். இன்னிக்கே முதுகெலும்பு டாக்டர் பாக்கணும். நாள் தள்ளிப் போனா நடக்கறதும் திரும்பாது, அதுவும் திரும்பாது.”

அதுவும் என்றால் எது என்று நான் கேட்டேன். அம்மா போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள்.

அன்றைக்கே பாண்டிச்சேரிக்குப் போனோம். அப்பா பலகையில், நாங்கள் பக்கத்தில், எக்ஸ்ரே அம்மாவின் மடியில். மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் “மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே வந்தார். முதுகெலும்பு டாக்டர் ஒல்லியாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். வந்தவுடனே படத்தைப் பார்க்கவில்லை. எத்தனை மணிக்கு விழுந்தார், எப்படி விழுந்தார், அதற்கப்புறம் நின்றாரா, உட்கார வைத்தீர்களா, எண்ணெய் போட்டு நீவினீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். கால் மரத்திருப்பதை முதலில் கவனித்தது யார் என்றும் கேட்டார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

நான் காலால் பிறந்ததிலிருந்து தொடங்கி என் வைத்திய முறையை விளக்கினேன். டாக்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“கிச்சுகிச்சு மூட்டிட்டுதான் மிதிப்பியா?”

“எப்பவும் அப்படித்தான்.”

“நாங்களும் முதல்ல அதைத்தான் பாப்போம்” என்று சொல்லி, சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் உள்ளங்காலில் கீறிக் காட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, “இந்தப் பொண்ணு மிதிச்சிருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருந்திருக்காது” என்றார். மிதித்திருந்தால் அவருக்கு வேலையே இருந்திருக்காது, அத்தனை கைராசிக்காரி நான் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஊருக்கு வந்து எல்லோரிடமும் அப்படியே சொல்லித் திரிந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. சில நாளில் அப்பாவின் கால் கட்டைவிரல் லேசாக ஆடியது. மாமா அதைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முழங்கால் மடங்கியது. வாக்கரைப் பிடித்து நின்றார், நடந்தார், பல மாதம் கழித்து ஷிப்டுக்கும் போனார், ரிட்டையராகும்வரை போனார். இன்றைக்கும் கடைத்தெருவுக்கு நடந்தேதான் போகிறார், ஆட்டோ பிடித்தால் கோபம் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டின் பெரிய கொண்டாட்டம் அவர் நடந்த நாளில் நடக்கவில்லை. அதற்கு முன்பே நடந்துவிட்டது.

அன்று காலையில் அப்பாவுக்கு மாட்டியிருந்த சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். நர்ஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அப்பா குடித்தார். அம்மா சாப்பிடவில்லை. மதியம் வரை கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணி இழுத்து விட்டிருந்தது. அம்மா வெளியே நின்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திடீரென்று உள்ளே அப்பா என்னவோ சொன்னார். அம்மா துணிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, வார்டே திரும்பும்படி ஒரு சத்தம் போட்டாள். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் ஓடினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீராக ஓடியது.

“உங்கப்பா ஒண்ணுக்குப் போயிட்டாங்கடி! தானாவே போயிட்டாங்க!”

மாமா கீழே ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாகப் பால்கோவா வாங்கிவந்தார். அம்மா ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் காரணத்தையும் உரக்கச் சொன்னாள். துணைக்கு வந்திருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கட்டித் தழுவிக்கொண்டாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினார். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அவமானம் தாங்காமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். விருந்தாளிகள் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதற்காக என் தொடையில் கிள்ளியவள் இதே அம்மாதான். இப்போது அதைப் பாண்டிச்சேரிக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதற்கு ஸ்வீட் வேறு. அம்மா என்னைத் தேடி வந்து ஒரு பெரிய துண்டை நீட்டினாள். எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.