நான் கொடுக்காத தண்ணீர்

அன்றைக்கு விபத்து நடந்தபோது அந்த வளைவில் இருந்தவர்கள் மூன்று பேர். லாரியை ஓட்டி வந்த டிரைவர். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர். எதிரே மொபெட்டில் வந்த கான்சாபுரத்து முத்தையா. அவ்வளவுதான். நான் அங்கே இல்லை.

நேரில் பார்த்தேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறிச் சத்தியம் செய்தேனே... அந்த நான் அங்கே இல்லவே இல்லை! பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு, சேத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

ராஜபாளையம் ரோட்டில், அந்த வளைவுக்கு நேர் எதிரே என் கடை. அதுதான் வினை. லாரி என் மனைவியின் அண்ணனுடையது. இன்சூரன்ஸ் முடிந்தும் புதுப்பிக்காமல் ஓட்டியிருக்கிறார். முத்தையா செத்து, அவர் மனைவி நஷ்டஈட்டுக்குக் கேஸ் போட்டதும், மச்சான் கைக்காசைக் கட்டவேண்டிய நிலை.

"மாப்ளே, போனவன் போயிட்டான். இருக்கிறவன் தெருவுல நிக்கணுமா? பாக்காம குறுக்க வந்தான்னு ரெண்டே வார்த்தை சொல்லும். உமக்குத்தான் எதுக்கெடுத்தாலும் நடுக்கமாச்சே... ஒண்ணுக்குப் போயிட்டுக் கூண்டுல ஏறும்!" என்று சிரித்தார்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதட்டிப் பேசுகிறவரைக் கண்டால் தலை தானாக ஆடிவிடும். சாக்கு என்பீர்கள். சொல்லுங்கள். சாக்குதான்.

கால் நடுங்கியது. நாக்குக் குழறியது. ஆனாலும் சொன்னேன். லாரி முதலாளி உறவா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது, இல்லை என்றும் சொன்னேன்.

வெளியே வராண்டாவில் முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள் நின்றாள். திட்டப்போகிறாள் என்று ஒதுங்கினேன். அவள் கேட்டதோ வேறு.

"அண்ணாச்சி, நீங்கதானே கடைசியாப் பாத்தீக... அவுக ஏதும் பேசுனாகளா? தண்ணி கிண்ணி கேட்டாகளா?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், "கேட்டாரும்மா. நான்தான் வாயில ஊத்துனேன்" என்றேன். அதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை! இந்தப் பொய் முழுக்க என்னுடையது.

எங்கள் பக்கம், சாகிற வாயில் தண்ணீர் ஊற்றுவது பெற்ற பிள்ளை செய்கிற காரியம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வருஷாவருஷம் திவசத்தன்று, படையல் சோற்றை இலையில் கட்டி, பஸ் ஏறி என் கடைக்கு வருகிறாள். நான் தின்ற பிறகுதான் அவள் வாயில் பருக்கை படும்.

"குறுக்க வந்தாருன்னு சொன்னேனே தாயி, கோவமில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணால கண்டதத்தானே சொன்னீக. கிறுக்கு மனுசன், எங்கயாச்சும் பராக்குப் பாத்துக்கிட்டே வந்திருப்பாக."

புருஷன் மேல்தான் தப்பு என்று அவளையே நம்பவைத்துவிட்டேன்... கேட்டீர்களா?

போன மாதம் டயர் மாற்ற வந்த ஒருவர் சொன்னார்: "இப்பம் கோர்ட்டுத் தீர்ப்பு அம்புட்டும் போன்லயே கெடக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம்."

அவர் போனதும் என் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. செத்த நேரம் நிம்மதி! பொறவுதான் விளங்கியது... கேஸ் போட்டவர், எதிராளி இவர்கள் பெயரில்தான் தேட முடியும். சாட்சி பெயரில் முடியாது.

பேச்சியம்மாள் என்று போட்டேன். இந்த ஜில்லாவில் எத்தனை பேச்சியம்மாள்! ஒவ்வொன்றாகத் திறந்து, ஊர் பார்த்து, புருஷன் பெயர் பார்த்து... ஏழாவதில் கிடைத்தது.

எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாம் சாட்சி பதற்றத்துடன் காணப்பட்டாலும் சூதறியாதவர், பொய் சொல்ல அவருக்கு முகாந்திரம் இல்லை என்று இருந்தது. அது நான்! பொய்க்கு நடுங்கிய நடுக்கம், தீர்ப்பில் நேர்மையாகிவிட்டது.

இன்னும் இரண்டு பக்கம் தள்ளி டாக்டர் சொன்னது. தலையில் அடி, அந்த இடத்திலேயே உடனடி மரணம். தண்ணீர் கேட்க அந்த மனிதருக்கு நேரமே இருந்திருக்காது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்ட ஒரு ஆள் அகப்பட்டால்? தினமும் இதே பயம். அவளுக்காகப் பயந்தேனா, எனக்காகவா? எனக்காகத்தான்.

இந்த வருஷத் திவசத்துக்கும் வந்தாள். சொல்லிவிடுவது என்று தீர்ப்பைப் போனில் திறந்தே வைத்திருந்தேன். அவள் இலையைப் பிரித்தாள்.

"சீக்கிரம் சாப்பிடுங்க அண்ணாச்சி, பசி காதை அடைக்கு. வீட்டை வித்தாச்சு. அடுத்த வருசம் எந்த ஊர்ல இருந்து வாரேனோ..."

"ஏன் தாயி வித்தே?"

"கடன்தான். கோர்ட்டுல குடுத்த பணம் பத்தல. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். உண்மையைச் சொல்லத் திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன். கடைசிப் பருக்கை வரை தின்றேன். போனை அணைத்துவிட்டேன்.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். நஷ்டஈடு பதினான்கு லட்சத்து இருபதாயிரம். இறந்தவரும் கவனமின்றி வந்ததால், நூற்றுக்கு நாற்பது கழிவு. மீதியை மச்சான் கட்டி முடித்தார். சட்டப்படி அவளுக்கு இனி யாரும் ஒன்றும் தரவேண்டியதில்லை.

நான் தரவேண்டியது, ஐந்து லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.