நிறுத்தி வைத்த சோதனை

கிண்ணியா சுஹைராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மென்பொருள் செய்யும் திருகோணமலைக் கந்தோரில் கூட வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தாள். அதுதான் வினையாய்ப் போயிற்று.

மீன்பிடிக்காரருக்காக அவர்கள் ஒரு போன் செயலி செய்தார்கள். கடலில் வலை போட்ட இடத்தை அதில் குறித்து வைக்கலாம். வலை கிடக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத ஆட்கள் இதற்குச் சம்மதித்ததே சுஹைராவின் கணவன் முனீபின் பேச்சை நம்பித்தான். அவனும் படகில் மீன்பிடிக்கும் போட்காரன்.

செயலியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சோதனை, யாருக்காவது ஞாபகம் வந்தால்தான் ஓடும். யாருக்கு வரும்? சுஹைரா சண்டை பிடித்து, செயலியைப் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பில்ட்டோடும் அது தானாக ஓடும்படி மாற்றினாள். தேறாவிட்டால் செயலி வெளியே போகாது. மறுநாள் வெள்ளி காலையே பில்ட் சிவப்பு எழுத்தோடு நின்றது. எல்லா வலைகளின் இடமும் இருக்கிற சேர்வரின் கடவுச்சொல்லை, பொறுப்பாளர் ரஜீவன் செயலிக்குள்ளேயே எழுதி விட்டிருந்தான். தோண்டத் தெரிந்த எவனும் எடுத்துவிடலாம். அடப் பாவமே!

"திருத்தப் பின்னேரமாகும்," என்றாள்.

"ஏலாது சுஹைரா. ஜும்ஆ முடியத்தான் போட்காரர் பள்ளியடியில ஒண்டா நிப்பினம். நாளைக்குக் கடலுக்குப் போனா ஆரைப் பிடிக்கிறது? இண்டைக்கு மட்டும் சோதனையை நிப்பாட்டி விடுங்கோ," என்றான் ரஜீவன்.

அதிலும் நியாயம் இருந்தது. அவள் நிறுத்தினாள். தொழுகை முடிந்து வந்தவர்களின் போன்களில் முனீபே நின்று செயலியை ஏற்றிக் கொடுத்தான்.

இன்றைக்கு மட்டும் என்றது ஒரு மாதமாயிற்று; கடவுச்சொல்லும் செயலிக்குள்ளேயே கிடந்தது. கேட்டபோதெல்லாம் ரஜீவன் சிரித்தான்.

"ஆர் வந்து உங்கட வலையைப் பார்க்கப் போறான்?"

பிறகு குச்சவெளிப் பக்கம் ஒருவரின் வலை களவு போனது. அடுத்த கிழமை இன்னொருவருடையது. இருவரும் செயலியில் இடம் குறித்தவர்கள். இனி எவரையும் கேட்பதில்லை என்று சுஹைரா ஒரு காலையில் தானே சோதனையைத் திரும்பப் போட்டாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முனீப் கரையிலிருந்து போன் எடுத்தான்.

"நம்மட வலை முழுக்கக் களவு பெய்த்து சுஹைரா, ஒரு முழம் மிச்சமில்ல. அந்த இடத்த நான் வாப்பாக்கும் சொல்லல்ல. ஆட்கள் செயலியச் சந்தேகப்படுறாங்க. அதுல ஒரு பிழையுமில்லண்டு இப்பதான் அல்லாஹ் மேல சத்தியம் பண்ணிட்டு நிக்கிறன். எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க, நீயும் ஒரு சொல்லுச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள்; அதே சிவப்பு எழுத்து வந்து நின்றது.

"பிழை இல்லத்தானே?" என்றான் முனீப்.