ஃபிளக்ஸில் போட்ட நம்பர்

இப்போதெல்லாம் விளையாட்டுச் செய்தி எதைத் திறந்தாலும் என் கண் ஸ்கோருக்குப் போவதில்லை. கீழே கருத்து எழுதியிருப்பவர்களிடம்தான் நேரே போகிறது. ஒருத்தன் கேட்சை விட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைத் திட்டுகிறார்கள். சரி, டிக்கெட் வாங்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தவன் நாலு வார்த்தை திட்டத்தான் செய்வான். அதோடு நிற்கிறார்களா? அவன் பெண்டாட்டியை இழுக்கிறார்கள், கைக்குழந்தையை இழுக்கிறார்கள், அவன் கும்பிடுகிற சாமியை இழுக்கிறார்கள். போன வாரம் இதே ஆளைத்தான் தலைவா, தெய்வமே என்று எழுதியிருப்பார்கள். அட வெட்கங்கெட்டவர்களா, அதுவும் இதே வாய்தானே?

ஆட்டக்காரர்களையும் நான் விட மாட்டேன். விக்கெட் விழுந்ததும் அவுட்டானவன் முகத்துக்கு நேரே போய்க் கத்துகிறான் ஒருத்தன். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்காமல் முறைத்துக்கொண்டு போகிறான் இன்னொருத்தன். அப்புறம் இரண்டு பேரும் ஒரே விளம்பரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முறைப்பை நிஜமென்று நம்பி வெறி ஏறுகிறவன் ஊரில் இருக்கிறான்.

இதையெல்லாம் முன்பு நான் வாய் வலிக்கப் பேசுவேன். இப்போது பேச ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். காரணம், என் மகள்.

அவள் கல்லூரியில் படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். குத்தகை நிலத்தில் நெல் போட்டு வீட்டைப் பார்த்துக்கொள்வது நான். மகளை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவரும் ஒரு காலத்தில் கபடி ஆடியவர்தான், முட்டி போனதும் விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறார். வீட்டில் பல்பு மாற்றுவதிலிருந்து வயலுக்கு அறுப்பு மிஷின் பிடிப்பது வரைக்கும் எனக்கு அவர்தான்.

இந்தத் தை மாதம் மகள் ஆடும் மாவட்டப் பெண்கள் அணி, மாநிலப் போட்டியில் பைனலுக்கு வந்துவிட்டது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. இளைஞர் மன்றத்துப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃபிளக்ஸ் வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் ஃபிளக்ஸ்தான், கருமாதிக்கும் ஃபிளக்ஸ்தான். நடுவில் என் மகள் தொடை தட்டிக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட இருபது தலைகள். அடியில், “சிங்கப்பெண்ணை வாழ்த்த அழையுங்கள்” என்று போட்டு ஒரு போன் நம்பர். கிட்டப் போய்ப் பார்த்தால் என் நம்பர்.

“ஏன்டா, என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்றேன்.

மன்றத்துத் தலைவன் தலையைச் சொறிந்தான். “எல்லா ஃபிளக்ஸ்லயும் நம்பர் போடுறதுதானே அக்கா. பாப்பா நம்பர் போட்டா அது கிரவுண்டுல இருக்கும், எடுக்காது. நீங்கன்னா வாய் நிறைய நாலு வார்த்தை பேசுவீங்க.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அன்றைக்கே போன் வர ஆரம்பித்துவிட்டது. யார் யாரோ பேசினார்கள். யாரோ அந்த ஃபிளக்ஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். முத்துப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் கூப்பிட்டு, “நம்ம புள்ள ஜெயிச்சு வரட்டும்மா, நாங்க துவா கேக்குறோம்” என்றார். முகம் தெரியாத மனுஷர். அறுப்பு வேலைக்கு நடுவில் ஒவ்வொரு போனையும் எடுத்துப் பேசினேன்.

பைனலை அண்ணன் வீட்டு டிவியில் போனைச் சொருகிப் பார்த்தோம். கடைசி ரெய்டு வரைக்கும் இரண்டு அணியும் சரிசமம். கடைசியாகக் கபடி பாடப் போனது என் மகள். கபடிக் களத்தில் இரண்டு ஓரத்திலும் ஒரு பட்டை இருக்கும். எதிராளி யாரையாவது தொட்ட பிறகுதான் அதில் கால் வைக்கலாம், தொடாமல் வைத்தால் அவுட். அவள் ஒருத்தியைத் தொட எட்டினாள், அந்தப் பெண் விலகினாள், இவள் கால் பட்டைக்குள் போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள். ஒரே ஒரு பாயிண்டில் தோல்வி.

அண்ணன் டிவியை அணைத்தார். “போகட்டும் விடும்மா, விளையாட்டுன்னா அப்படித்தான்” என்று அப்புறம் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

“எவ்வளவு வாங்குனீங்க?” ஒரு ஆண் குரல்.

“யாருங்க?”

“பட்டைக்குள்ள காலை வைக்க உம் பொண்ணு எவ்வளவு வாங்குனான்னு கேக்குறேன்.” அதற்குப் பிறகு அவன் சொன்னதை எழுதக் கை கூசுகிறது.

அடுத்தடுத்து வந்தன. டவுசர் போட்டு ஆடும் பெண்ணைப் பற்றி, அவளைப் பெற்ற என்னைப் பற்றி, வெளிநாட்டில் இருக்கும் அவள் அப்பாவைப் பற்றி. ஃபிளக்ஸ் படத்தோடு அந்தக் கடைசி ரெய்டையும் ஒட்டி, நம்பருக்கு வட்டம் போட்டு எவனோ சுற்றுக்கு விட்டிருந்தான். வாழ்த்த வைத்த நம்பர் வைவதற்கு வசதியாகப் போயிற்று. எனக்கும் வாய் சும்மா இருக்காது, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். ஒரு போனை எடுத்த எடுப்பிலேயே, “எவன்டா நீ, உங்க வீட்ல பொம்பளைங்க இல்லையா?” என்று கத்தினேன். அந்தப் பக்கம் முத்துப்பேட்டை பாய். “திட்டிக்கங்கம்மா, பரவாயில்ல. புள்ள சாப்பிட்டுச்சான்னு கேக்கத்தான் போட்டேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பையன்கள் ஓடிவந்து, “நாங்க நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சோம்” என்று கண் கலங்கினார்கள். பாவம், அவர்களை என்ன சொல்வது? கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடக்கும் நெல்லுக்குப் போர்த்த ஃபிளக்ஸைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நம்பர் இருந்த பட்டையை மட்டும் அறுத்து அடுப்பில் போட்டேன். அடுப்பில் எரிந்து என்ன பயன், நம்பர்தான் ஊர் உலகத்து போன்களில் எல்லாம் இருக்கிறதே.

திட்டுகிறவர்களை நான் தாங்கிக்கொண்டேன். திட்டாமல் ஒருத்தன் பேசினான், அவன்தான் என்னை நடுங்க வைத்தான்.

அவன் நம்பர் போனில் விழாது. வாயில் துணியை வைத்துப் பேசுகிற மாதிரி அமுங்கின குரல். அவ்வளவு மரியாதை. “பாப்பா எப்ப வருது? எந்த பஸ்ல வருது, சொல்லுங்க” என்று கேட்டான்.

“நீ யாருப்பா?”

“காலைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லுங்க. அந்தக் கால்தானே ஆடுது.” வைத்துவிட்டான்.

கெட்ட வார்த்தை சொல்கிறவனுக்கு வாயில்தான் வேகம் இருக்கும், சொல்லி முடித்ததும் இறங்கிவிடும். இவன் அவசரமே படவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அங்கே என்ன செய்வார், “போலீஸ்ல எழுதிக் குடு, புள்ளைய வெளிய அனுப்பாத” என்றார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தேன். ஏதோ ஆப் வழியாகப் பேசுகிறான், கண்டுபிடிக்க நாளாகும் என்றார்கள். போனை அணைத்துப் போடலாமென்றால் மகள் கூப்பிடுவதும் அவள் அப்பா கூப்பிடுவதும் அதே நம்பரில்தான்.

மகள் ஊர் திரும்பிய அன்று அண்ணனோடு பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். வந்து போகிற ஒவ்வொரு ஆணின் கையையும் பார்த்தேன், எதையாவது மறைத்து வைத்திருக்கிறானா என்று. பூக்கடையில் நின்றவன் சட்டைக்குள் கை விட்டபோது அண்ணன் கையை எட்டிப் பிடித்தேன். அவன் பீடிக்கட்டை எடுத்தான். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாதாரணமாக இறங்கினாள். மூன்று பேரும் ஒரே பைக்கில் வந்தோம். வழி முழுக்க அவள் கால்களைப் பைக்கை ஒட்டி அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். கூசுது விடும்மா என்று சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

தெரியாமல் எத்தனை நாள் வைக்க முடியும்? தோற்ற அணியிலிருந்தும் நாலைந்து பேரைத் தேசிய அளவிலான பயிற்சி முகாமுக்கு எடுத்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அதுவரைக்கும் தினம் சாயங்காலம் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். நான் போகக்கூடாது என்றேன். ஏன் என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “பட்டைக்குள்ள கால் வச்சது தப்புதான். அதுக்கு ஒரு பாயிண்ட் போச்சு. அவ்வளவுதாம்மா அதுக்குத் தண்டனை. வீட்டுக்குள்ள உக்காரணும்னு எந்த ரூல்லயும் இல்ல” என்றாள்.

“எனக்கு ரூல் சொல்லித் தராதடி. உன் கால உடைச்சுப் போட்டா எந்த நடுவர் வந்து விசில் ஊதுவாரு?”

“நான் போகலைன்னா எனக்குப் பதிலா வேற ஆளை எடுத்துருவாங்க.”

“எடுக்கட்டும். உயிரோட இரு, அது போதும்.”

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நானும் சாப்பிடவில்லை. பெற்ற பெண்ணின் ஆசைக்குக் குறுக்கே நானே நிற்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளைத் தனியாக அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த நாள் முற்பகல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது, நம்பர் விழவில்லை. மகள் சட்டென்று எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பேசச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“சொல்லுங்க” என்றேன்.

“முகாமுக்கு எடுத்திருக்காங்களாமே, சந்தோஷம்” என்றது அந்த அமுங்கின குரல். “எப்பக் கிளம்புது பாப்பா?”

அவன் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. பழைய இரும்பு எடுக்க வருகிற வண்டியின் மைக். “பழைய இரும்பு, பித்தளை, ஓடாத மோட்டார், உடைஞ்ச பிளாஸ்டிக் சேர்” என்று பதிவு பண்ணிவைத்த குரல் போனுக்குள் தேய்ந்துகொண்டே போனது. அந்த மாதிரி வண்டி எல்லா ஊரிலும்தான் வருகிறது, அதனால் எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அவன் போனை வைத்துவிட்டான். நான் அரிசிப் பானையை அடுப்பில் ஏற்றக்கூட இல்லை, எங்கள் தெரு முனையில் மைக் சத்தம் கேட்டது. அதே வண்டி. பின்தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டேன். அவன் பின்தெருவிலிருந்துதான் பேசியிருக்கிறான்.

இத்தனை நாள் எங்கோ தூரத்தில் முகம் தெரியாதவன் ஒருத்தன் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அது எவ்வளவோ நல்ல பயம். இவன் நான் கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டவன், அவளைத் தூக்கி வளர்த்தவனாகக்கூட இருக்கலாம். பின்தெருவில் இருப்பதே பதினைந்து வீடு, எல்லாம் சொந்தபந்தம். யார் வீட்டு வாசலில் போய் என்னவென்று கேட்பது?

“இனிமே நீ தடுக்காதம்மா” என்றாள் மகள். “வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் என்ன, அவன் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கான்.”

சாயங்காலம் அவளோடு நானும் கிளம்பினேன். மைதானத்துக்குப் பின்தெரு வழியாகத்தான் போகவேண்டும். எப்போதும் போலத்தான் எல்லோரும் பேசினார்கள். “என்ன பாப்பா, ப்ராக்டிஸா?” “அடுத்த தடவை விடக்கூடாது, கப்போடதான் வரணும்.” “ஏன் இளைச்சுட்ட, சரியா சாப்பிடு.” எல்லாம் அன்பான பேச்சு. நான் ஒவ்வொரு குரலாக எடுத்து, அதன் மேல் ஒரு துணியைப் போர்த்திக் கேட்டுப் பார்த்தேன். எல்லாக் குரலும் பொருந்துகிற மாதிரி இருந்தது, எதுவுமே பொருந்தாத மாதிரியும் இருந்தது. மகள் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். வலிக்குதும்மா என்றாள்.

அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியை உதறிவிட்டு எழுந்து வந்தார். மருமகள் தலையைத் தடவினார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“முகாம் எப்பம்மா? எப்பக் கிளம்புது பாப்பா? நானே பைக்ல கொண்டுபோய் பஸ் ஏத்தி விடுறேன்” என்றார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் கூடப்பிறந்த அண்ணனிடம் பொய்யாக ஒரு தேதி சொன்னேன்.