பத்தொன்பது காலைகள்

‘ஏரியில் நீர்மட்டம் பார்ப்பவர்’ என்று நீட்டி முழக்க யாருக்கும் பொறுமையில்லை. அதனால் ஊரில் அவருக்கு ‘அளவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அளவு அண்ணன், அளவு மாமா, அளவு வீட்டு அக்கா என்று குடும்பமே அந்தப் பெயரில்தான் ஓடியது. அவர் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் போதும், “அளவே அளவில்லாமப் பேசுதே” என்று முடிதிருத்தும் கடையில் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வேலை என்னவோ சின்னதுதான். ஏரியின் தண்ணீர் எடுக்கும் முனையில் எண்கள் எழுதிய ஒரு கல்தூண் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு அதன் எதிரே நின்று, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். மீதி நேரமெல்லாம் குழாயின் வாயில் சிக்கும் பாசியை வழிப்பதும், மதகுத் திருகுக்கு எண்ணெய் போடுவதும். பதினோரு வருடமாக இதே வேலை. காய்ச்சல் வந்த நாளில்கூடக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

தூணின் அடியில் சிவப்பில் ஒரு கோடு. அதுதான் சைபர். தண்ணீர் அதற்குக் கீழே போனால் பம்பை நிறுத்திவிட வேண்டும், ஊருக்கு லாரித் தண்ணீர்தான் என்பது சட்டம். மிச்சம் இருப்பது மீனுக்கும் பறவைக்கும் விட்டுவைத்த பங்கு. ஊருக்கும் ஏரிக்கும் நடுவே நல்ல தூரம். அந்த முனைக்கு யாரும் போவதில்லை. குழாயைத் திறந்தால் வருகிறதே, அதுதான் ஊருக்கு ஏரி.

இந்த வருடம் புவியியல் டீச்சர் ஒரு திரைப்பட விழா ஏற்பாடு செய்தார். கடல், ஏரி, அதில் வாழும் உயிர்கள் இவற்றைப் பற்றிய படங்கள் மட்டும். பள்ளிக்கூட அரங்கம், இரண்டு நாள், அனுமதி இலவசம். வெளியிலிருந்து பன்னிரண்டு படங்கள் வந்தன. உள்ளூரிலிருந்து ஒரு படமாவது வேண்டாமா என்று யோசித்தவர், அளவு அனுப்பி அலுவலகக் கணினியில் தூங்கிக்கொண்டிருந்த படங்களைக் கண்டுபிடித்தார். நாலாயிரம் படங்கள், எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்தவை. வரிசையாக ஓடவிட்டால் நாலரை நிமிடத்தில் பதினோரு வருடம்! டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அளவும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். தூண் அப்படியே நின்றது. தண்ணீர் மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கியது. மனைவி வாயைப் பிளந்து பார்த்தார். அளவுக்கும் கண் கலங்கியது. நாலு வருடத்துக்கு முந்தின கோடை வந்ததும் டீச்சர் படத்தை நிறுத்தினார்.

“இங்க பாருங்கண்ணா. தண்ணி சைபரைத் தொடப்போகுது. மறுநாளே ஒன்றரை அடிக்கு ஏறிடுது! மழையே இல்லாத மாசம். பத்தொம்பது நாள் அப்படியே நிக்குது. அடியில ஊத்து இருக்குண்ணா, வேற என்ன? அதான் படத்துக்கு ‘வற்றாத ஏரி’ன்னு பேர் வெச்சிருக்கேன். அந்த நாள்ல நீங்க என்ன பார்த்தீங்கன்னு மேடையில சொல்லணும்.”

“எனக்கு என்ன டீச்சர் தெரியும்?” என்றார் அளவு. அடக்கமான மனிதர் என்று டீச்சர் எண்ணிக்கொண்டார்.

உண்மையில் ஊற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கோடையில் தண்ணீர் சைபரைத் தாண்டிக் கீழே இறங்கிய காலையில், அளவு தூணின் எதிரே போனோடு வெகுநேரம் நின்றார். பம்ப் நின்றால் ஊரே காய்ந்துபோகும். முந்தின நாள்தான் எதிர்வீட்டுப் பெண், பிறந்து பதினைந்து நாளான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, “தண்ணி நின்னுடாதுல்ல மாமா?” என்று கேட்டிருந்தாள். நிற்காதும்மா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஒருநாள் சமாளித்தால் மழை வந்துவிடும் என்று பட்டது. போன வருடத்துப் படம் ஒன்று போனிலேயே இருந்தது, ஒன்றரை அடி. அதை அனுப்பினார். அலுவலகத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. மழை வரவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று என்று பத்தொன்பது காலை ஓடிவிட்டது. குழாயின் வாய் இன்னும் ஆழத்தில் இருந்ததால் பம்ப் பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருந்தது. இருபதாம் நாள் மழை கொட்டி எல்லாவற்றையும் மூடியது. அதற்குள் ஏரியில் மீன்கள் செத்து மிதந்துவிட்டன. வெயில் தாங்காமல் செத்தன என்று அலுவலகம் எழுதி முடித்தது. அளவு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

நாலு வருடம் போனதை இன்னும் நாலு வருடமும் ஓட்டியிருப்பார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அலுவலகத்துப் பொறியாளர் தூணைப் பார்க்க வந்ததுதான் வினை.

“டீச்சர் படத்தைக் காட்டினாங்க,” என்றார் பொறியாளர். இளவயதுக்காரர், கெட்டவரும் இல்லை. “அடியில ஊத்து இருக்குன்னா இந்தச் சைபர் கோட்டை ரெண்டடி இறக்கிடலாம். பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட கீழ போகலையே. விழாவிலயே அறிவிக்கலாம்னு இருக்கேன். ஊருக்குக் கோடையில தண்ணி தாராளமாக் கிடைக்கும். உங்க படத்தால வந்த நல்லது இது.”

அளவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்ல. மனசுல என்னமோ இருக்கு. சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு முதலில் கத்தத்தான் செய்தார். “என் தங்கச்சி குடும்பத்தோட வரா! தெருவையே கூப்பிட்டு வெச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரர் படம் ஓடுதுன்னு! இப்ப போய் இதைச் சொல்றீங்களே, இத்தனை வருஷம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

“பயம்.”

மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “அந்தத் தண்ணியிலதானே நானும் துவைச்சேன், குளிச்சேன்,” என்றார் மெல்ல. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “வேலை போகுமா?” என்று கேட்டார்.

“போகும்னுதான் தோணுது.”

“கோட்டை இறக்கினா?”

“அடுத்த கோடையில ஏரியில உசுருன்னு ஒண்ணு மிஞ்சாது. அதுவும் என் கணக்குலதான்.”

“பின்ன என்ன யோசனை? சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க,” என்றார் மனைவி. “வெறும் வயித்துல உண்மை பேச வராது.”

விழா நாள் காலையில், டீச்சர் தனியாக நாற்காலிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது அளவு அரங்கத்துக்குள் போனார். திரை ஓரம் விரிசல் விட்ட தன் பழைய போனை மேசைமேல் வைத்தார். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் ஏரிக்குப் போகாமல் இல்லை. சரியாக ஆறு மணிக்குப் படமும் எடுத்தார். அனுப்பத்தான் இல்லை. எல்லாம் அதில் இருந்தன.

டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

“ஒரு வாரம் முன்னாடி உங்க வீட்டுல உட்கார்ந்து கேட்டேனே அண்ணா. அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கணும் டீச்சர். தப்புதான்.”

“நீங்க சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதை யோசிச்சீங்களா?”

“நாலு வருஷமா அதை மட்டும்தான் யோசிச்சேன்.”

டீச்சர் போனைக் கையோடு எடுத்துக்கொண்டார். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. படத்தின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

மாலை நாலு மணிக்கு அரங்கம் நிறைந்தது. முதலில் கடலாமை ஒன்றின் கழுத்தில் வலை இறுகிக் கிடக்கும் படம். கடலைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணுக்கு எட்டாத ஆமைக்கு அழுவதில் ஒரு வசதி இருக்கிறது, நம் வீட்டுக் குழாயை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டாவது படம் வந்தது. தூண், தண்ணீர், விடியல், மழை, மறுபடி விடியல். மைத்துனி கை தட்டினார். மனைவி அவர் கையைப் பிடித்து அடக்கினார்.

அந்தக் கோடை வந்ததும் படம் ஓடுவதை நிறுத்தி நிதானமாக நடக்கத் தொடங்கியது. பத்தொன்பது படங்களையும் டீச்சர் ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டினார். தூண் சேற்றில் நின்றது. பிறகு வெடித்த மண்ணில் நின்றது. தண்ணீர் ஒவ்வொரு காலையும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசி மூன்று படங்களில் தூரத்தில், தண்ணீரின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வரி தெரிந்தது. வெயில் பட்டு மின்னுகிறது என்று பலரும் நினைத்திருப்பார்கள். அரங்கத்தில் ஒரு குழந்தை மட்டும் பேசியது.

விளக்கு போட்டதும் அளவு மேடைக்கு ஏறவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்று சொன்னார். அனுப்பியது பழைய படம், பம்பை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவிடாமல் செய்தது நான்தான் என்று மூன்றே வாக்கியம். பின்வரிசையில் ஒருவர், “அடப்பாவி!” என்றார். எதிர்வீட்டுப் பெண் எழுந்தாள். அந்தப் பிள்ளை இப்போது அவள் மடியை விட்டு இறங்கி நின்றது.

“அவரை மட்டும் திட்டாதீங்க. அந்தப் பத்தொம்பது நாளும் எங்க வீட்டுக் குழாயிலயும் தண்ணி வந்துச்சு,” என்றாள். திட்டியவர் உட்கார்ந்துவிட்டார்.

பொறியாளர் தன் பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த படத்துக்கு முன் இருந்த இடைவேளையில், அளவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“கோடு அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும். நீங்க திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. உங்க வேலைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது.”

“சரி சார்.”

“அந்த நாளுக்கெல்லாம் சரியான அளவு தெரிஞ்சா ரெக்கார்டைத் திருத்தலாம். ஆனா சைபருக்குக் கீழ தூணே இல்லையே.”

“அளந்திருக்கேன் சார்,” என்றார் அளவு. சைபரைத் தொட்ட அன்று, இன்னும் உள்ளே தள்ளித் தண்ணீருக்குள் ஒரு பழைய திரைச்சீலைக் கம்பியை அடித்து, நீர் நின்ற இடத்தில் கோடு போட்டுக்கொண்டார். தண்ணீரைவிடச் சரியான ரசமட்டம் எது? அங்கிருந்து கீழே இஞ்சு இஞ்சாகக் குறித்துவைத்து, தினமும் சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தார்.

பொறியாளர் விழா அழைப்பிதழைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். அளவு எதையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். முதல் நாள் அரை இஞ்சு. அப்புறம் ஒண்ணேகால். ரெண்டு. ரெண்டே முக்கால்.

“எப்படி இவ்வளவும் ஞாபகம் இருக்கு?”

“மறக்க முடிஞ்சாத்தானே சார்.”

பதினைந்தாம் நாள் பதினொன்று. பதினாறாம் நாள் பதினொன்றே முக்கால். அங்கே அளவு நிறுத்தினார்.

“பதினேழு?” என்றார் பொறியாளர்.

“பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது மூணு நாளும் அளக்கல. கம்பிகிட்டப் போகவே முடியல சார். படத்துல ஓரத்துல வெள்ளையாத் தெரிஞ்சுதே, அது தண்ணி இல்ல, மீனு. கால் வைக்க இடமில்லாமக் கிடந்துச்சு.”

பொறியாளர் அந்த மூன்று நாளுக்கு எதிரே எண் எதுவும் போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.