எல்லார் பேச்சையும் சுமந்த பெட்டி

கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய லோகேஸ்வரிக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர், கிள்ளானை அடுத்த ஜெஞ்சாரோமில் காளான் வளர்க்கும் தம்புசாமி. எந்நேரமும் தண்ணீர் தெளிக்கிற கொட்டகைகள். ஒயர் இழுக்க வழியில்லை. அதனால் பேட்டரியில் ஓடும் சின்னச் சென்சர் பெட்டிகளை மாட்டினாள். கொட்டகைச் சூட்டை ஒரு பெட்டி அடுத்ததற்குச் சொல்ல, அது அதற்கடுத்ததற்குச் சொல்ல, கடைசியில் பண்ணை ஆபீஸ் கணினிக்குப் போய்ச் சேரும்.

ஆபீஸை ஒட்டியிருந்த பெட்டி மட்டும் வாரம் தவறாமல் செத்தது. அது செத்தால் மற்றதெல்லாம் ஊமை. மட்டமான பேட்டரி என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து ஓடிவந்து மாற்றினாள்.

"காளான விட உன் பேட்டரிதான் சீக்கிரம் வாடுது தங்கச்சி," என்றார் தம்புசாமி. "இன்னொரு தடவ செத்துச்சு, எல்லாத்தையும் கழட்டிருவேன். தெர்மோமீட்டரே போதும்லா."

ஏணியில் நின்றபடி பழைய பேட்டரியைக் கழற்றினாள். கைப்பேசி அடித்தது. மாமியார்: "லோகா, வாசுவ பாசார்ல மீன் வாங்கச் சொல்லு." வைத்ததும் கணவன் வாசு: "வீட்டுச் சாவி எங்கன்னு அம்மாகிட்ட கேளேன்."

"ஒரே வீட்டுலதான இருக்கீங்க? நேரா பேசிக்கிட்டா என்ன?"

"நீதான் உடனே போன எடுக்கிற."

காலையில்தான் சார்ஜ் போட்ட போன், அதற்குள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"பேட்டரி மேல தப்பே இல்லண்ணே. இது எங்க வீட்டு மருமக மாதிரி. எல்லார் பேச்சையும் இது ஒண்ணே சுமக்குது."

அன்றைக்கே இன்னும் சில பெட்டிகளை ஆபீஸுக்கு எட்டும் தூரத்தில் நகர்த்தி மாட்டினாள். சுமக்கும் வேலையை முறை வைத்து மாற்றிக்கொள்ளச் செய்தாள். சூடு ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் பேச்சு. மற்ற நேரம் தூக்கம்.

"தூங்குதா, செத்துருச்சான்னு எப்படித் தெரியும்?"

"காலையிலயும் சாயந்திரமும் 'இருக்கேன்'னு ஒரு குரல் கொடுக்கும்ண்ணே."

அடுத்த சனிக்கிழமை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். தம்புசாமியிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை தம்புசாமியே கூப்பிட்டார்.

"செத்துருச்சாண்ணே?"

"எங்க சாகுது! புதுசா ரெண்டு கொட்டகை போடுறேன். அதுக்கும் மாட்டணும். இப்பவே வா."

"இன்னைக்கு லீவுண்ணே. திங்கக்கிழமை வரேன்."

"ஓ, இப்ப லீவு எடுக்கிற முதலாளியம்மாவா?" என்று சிரித்தார் அவர். "சரி, திங்கக்கிழமையே வா. லேட் பண்ணாத லா."